இரண்டே வருடத்தில் நவீன ராணுவமா? சிங்கப்பூரின் ஆள்பலக் கணக்கு

கேள்வி இதுதான்: "சிங்கப்பூர் எஃப்-35 போர் விமானம் வாங்குகிறது, லெப்பர்ட் டாங்கி வைத்திருக்கிறது, நீர்மூழ்கி வைத்திருக்கிறது. ஆனால் ராணுவத்தில் பெரும்பாலோர் இரண்டு வருடம் வந்து போகும் பையன்கள். இவர்களை வைத்து இவ்வளவு நவீனமான படையை நடத்த முடியுமா? இதில் உண்மையில் கஷ்டம் எது?"

நான் 2000-ஆம் ஆண்டில் தேசிய சேவைக்கு, அதாவது சிங்கப்பூர் ஆண்களுக்கான கட்டாய ராணுவச் சேவைக்குப் போனவன். கவச காலாட்படையில் சார்ஜண்டாக இரண்டரை வருடம் இருந்தேன். அப்புறம் வேலைக்குப் போய், குடும்பஸ்தனாகி, சேவை முடித்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பயிற்சி தரும் ரிசர்விஸ்ட் முகாமுக்கும் வருடா வருடம் போய் வந்தேன். இப்போது என் மகனுக்குச் சேரும் கடிதம் வரப்போகிறது. அதனால் இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாளாகவே யோசித்து வருகிறேன்.

என் பதில்: நடத்த முடியும், நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படைக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது நாள்கள். பணம் இருக்கிறது. 2025 நிதியாண்டில் தற்காப்புக்கு ஒதுக்கியது 23 பில்லியன் வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மேல். அந்தப் பணத்தில் எந்த இயந்திரத்தையும் வாங்கலாம். ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம் இருந்து முழுநேரச் சேவையாக இருபத்து நான்கு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட வாங்க முடியாது.

முதலில் ஒரு விஷயத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். எஃப்-35 ஓட்டப்போவது நிரந்தரப் படையினர்தான். மொத்தம் 20 விமானங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவற்றின் விமானிகளை உருவாக்கவே பல ஆண்டுகள் ஆகும். ஜெர்மனியில் கட்டிய இன்வின்சிபிள் வகை நீர்மூழ்கியில் 28 பேர்தான், அவர்களும் நிரந்தரப் படையினர். விமானப் படையும் கடற்படையும் பெரும்பாலும் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களை நம்பியே இயங்குகின்றன. ஆக, உங்கள் கேள்வி முழு பலத்தோடு விழும் இடம் தரைப்படை. அங்கேதான் டாங்கியையும் பீரங்கியையும் கவச வாகனத்தையும் கட்டாய சேவையில் வந்த பையன் கையில் கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த இருபத்து நான்கு மாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி 9 வாரம். அதில் தேறி அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானால் இன்னும் 38 வாரம். இரண்டும் சேர்த்து 47 வாரம், அதாவது கிட்டத்தட்ட பதினோரு மாதம். அவன் லெப்டினன்டாகி ஒரு பிளட்டூனை, அதாவது ஒரு சிறு படைக்குழுவை, கையில் எடுக்கும்போது மிச்சம் இருப்பது பதின்மூன்று மாதம். அதிலும் விடுப்பு இருக்கிறது, புதிதாக வந்த வீரர்களைத் தயார் செய்யும் மாதங்கள் இருக்கின்றன, கடைசியில் பொருள்களை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் வாரங்கள் இருக்கின்றன. சார்ஜண்ட் ஆகிறவனுக்குப் பயிற்சி சற்றுக் குறைவு, ஏறக்குறைய 22 வாரம். ஆனாலும் கதை அதேதான்.

என் காலத்தில் கார்ப்பரலும் அதற்கு மேலும் இரண்டரை வருடம் செய்ய வேண்டும். 2004-இல் அதை எல்லோருக்கும் இரண்டு வருடமாகக் குறைத்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஆறு மாதம், ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே இருந்து கணக்குப் போட்டால் வேறு மாதிரி வரும். பயிற்சிக் காலம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு அதிகாரியிடம் இருந்து படைக்குக் கிடைத்த பயனுள்ள காலம் பத்தொன்பது மாதத்தில் இருந்து பதின்மூன்று மாதமாக இறங்கிவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்தக் குறைப்பு சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். படிப்பையும் வேலையையும் தள்ளிப்போட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பெரிய விஷயம். ஆனால் அந்த இழப்பை யாரோ எங்கோ ஈடுகட்ட வேண்டியிருந்தது. பயிற்சியை இறுக்கி, பாவனைப் பயிற்சிக் கருவிகளைக் கூட்டி, இயந்திரத்தை எளிதாக்கித்தான் ஈடுகட்டினார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை அதற்கு அப்புறம் வருகிறது. சிங்கப்பூர் ராணுவம் என்றால் முகாமில் இருக்கும் பையன்கள் மட்டும் இல்லை. போர் என்று வந்தால் படையின் பெரும் பகுதி ரிசர்விஸ்ட்கள்தான், அதிகாரபூர்வமாகப் போர்க்காலத் தேசிய சேவையாளர்கள். முழுநேர சேவை முடிந்தபின் பத்து ஆண்டுச் சுற்று. ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் கூப்பிடலாம், நடைமுறையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. எண்ணிப் பாருங்கள்: ஒரு கணக்காளர் பதினொரு மாதம் கணினி முன் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் கவச வாகனத்துக்குள் ஏறுகிறார்.

நான் ஏறியிருக்கிறேன். எங்களுடையது பயோனிக்ஸ், உள்ளூரிலேயே வடிவமைத்த வாகனம், மேலே 25 மில்லிமீட்டர் பீரங்கித் துப்பாக்கி. வண்டிக்குள் காலை வைத்ததும் டீசல் வாசனையிலேயே பாதி ஞாபகம் திரும்பிவிடும். எங்கே பிடித்து ஏறுவது, தலையை எங்கே குனிவது என்பதெல்லாம் உடம்புக்கு மறக்காது. ஆனால் சுடும்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டால் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பது மறந்துபோயிருக்கும். மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் இடையில் மனம் நின்றுவிடும். வயர்லெஸ் செட்டில் அலைவரிசை மாற்றுவதும் அப்படித்தான். அதாவது கையால் கற்றது தங்குகிறது, வரிசையாக மனப்பாடம் செய்தது கரைகிறது. நவீன ஆயுதத்தில் கூடிக்கொண்டே போவது இந்த இரண்டாவது வகைதான். திரை, மெனு, தரவு இணைப்பு, கடவுச்சொல், மென்பொருளின் புதுப் பதிப்பு. போன வருடம் இருந்த பொத்தான் இந்த வருடம் வேறு இடத்தில் இருக்கும்.

முகாமின் முதல் சில நாள் முழுக்க இந்த மறதியைத் துடைப்பதிலேயே போகும். அப்புறம் மிச்சமிருக்கும் நாளில்தான் பிளட்டூனாக, அதைவிடப் பெரிய கம்பெனியாகச் சேர்ந்து நகரும் பயிற்சி. பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியன் அளவில் எல்லாம் பொருந்தி வரும் நேரத்தில் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற நாள் வந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, வெளியே யாரும் பேசிக் கேட்டதில்லை. போர்ப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே பயிற்சி பெற்று, ஒன்றாகவே வெளியேறி, அடுத்த பத்து ஆண்டும் ஒரே பட்டாலியனாக ரிசர்விஸ்ட் செய்கிறார்கள். மனிதர்களைப் பொறுத்தவரை இது அருமையான முறை. என் பிரிவில் இருந்தவர்களின் கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கிறேன், இருட்டில் நடை சத்தத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நவீனமாக்கல் என்று வரும்போது இதுவே இழுக்கும். முழுநேரப் பையன்களுக்குப் புது வாகனம் வந்துவிட்டது என்று வையுங்கள். பழைய வாகனத்தில் பயின்ற பட்டாலியன்கள் இன்னும் பல வருடம் பட்டியலில் இருக்கும். ஒன்று, அவர்களுக்காகப் பழைய வாகனத்தையும் அதன் உதிரிப்பாகங்களையும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களின் சொற்ப முகாம் நாள்களை எடுத்துப் புது வாகனத்துக்கு மாற்றிப் பயிற்றுவிக்க வேண்டும். இரண்டுமே செலவு. ஆக, ஒரு கட்டாய சேவை ராணுவத்தில் எந்த ஆயுதமும் வாங்கிய அன்று வந்து சேர்வதில்லை, படை முழுக்கப் பரவ ஏறக்குறைய ஒரு தலைமுறைச் சேவையாளர் காலம் பிடிக்கிறது.

சரி, ஆள் எண்ணிக்கைக்கு வருவோம். 1965-இல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கரைக் குழந்தைக்கு மேல் பிறந்தது. 2023-இல் அது 0.97. 2030-க்குள் முழுநேரச் சேவைக்கு வரும் ஆள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று தற்காப்பு அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இதில் கணிப்புக்கே வேலை இல்லை, 2030-இல் பதினெட்டு வயதாகப்போகிறவர்கள் ஏற்கெனவே பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு அமைச்சு கண்ட வழி, குறைந்த ஆளில் இயங்கும் இயந்திரம். பிரைமஸ் தானியங்கிப் பீரங்கிக்கு நான்கு பேர் போதும், வண்டி இழுத்துப்போகும் பழைய பீரங்கிக்கு அதைவிடக் கூடுதல் ஆள் வேண்டும். ஹைமார்ஸ் ராக்கெட் வண்டிக்கு மூன்று பேர். கரையோரக் காவல் கப்பல்களில் முன்பு சுமார் 30 பேர் இருந்த இடத்தில், இப்போதைய இண்டிபெண்டன்ஸ் வகைக் கப்பலில் அடிப்படைக் குழு 23 பேர், கப்பலோ முன்னதைவிடப் பெரியது. 2019-இல் சேவைக்கு வந்த ஹன்ட்டர் கவச வாகனத்தில் தளபதியும் சுடுபவரும் ஒரே மாதிரி அமைந்த திரைகளின் முன் உட்காருகிறார்கள், ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துச் செய்யலாம். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொடுதிரையில் வளர்ந்த பிள்ளைக்குச் சீக்கிரம் பழக்கமாகிவிடும் என்பதோடு, ஒருவருக்கு மறந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். நான் மேலே சொன்ன மறதிக்கு இது நேரடியான மருந்து.

ஆனால் ஆளைக் குறைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று பேர் வண்டியிலும் சங்கிலிப்பட்டை அறுந்தால் அதே எடையுள்ள இரும்பைத்தான் தூக்க வேண்டும். இரவுக் காவலுக்கும் முறை வைத்து ஆள் வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் எட்டுப் பேர் குழுவில் சமாளித்துவிடலாம், மூன்று பேர் குழுவில் வண்டியே நின்றுபோகும். கப்பலில் தீப்பிடித்தால் அணைக்கும் கைகளின் எண்ணிக்கை முக்கியம். முன்னால் குறைந்த ஆள் பின்னால் பணிமனையில் கூடுவதும் உண்டு, ஏனென்றால் மின்னணுப் பாகங்களைச் சரிபார்க்க அதிகம் படித்த தொழில்நுட்பர் தேவை. எல்லாவற்றையும்விட, குறைந்த ஆள் என்றால் ஒவ்வொருவருக்கும் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கப்போய் மறுபடியும் பயிற்சி நாள் பற்றாக்குறையிலேயே வந்து நிற்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல செய்தி, படைக்கு வரும் பிள்ளைகளின் தரம். 1967 மார்ச்சில் கட்டாய சேவைக்கான சட்டம் நிறைவேறி, அந்த ஆகஸ்ட் மாதம் முதல் தொகுதியினர் முகாமுக்குள் போனார்கள். அதற்கு முன் பயிற்சி கேட்டு இந்தியாவையும் எகிப்தையும் அணுகி, அது கைகூடாமல், இஸ்ரேலியப் பயிற்சியாளர்களைக் கூட்டிவந்து அடையாளத்தை மறைக்க 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி வைத்திருந்த காலம் அது. தற்காப்பைக் கவனித்த கோ கெங் சுவீக்கு அடித்தளமே இல்லாத இடத்தில் கட்டடம் எழுப்ப வேண்டியிருந்தது. வந்தவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும் தெரிந்தவர்களுக்குத் தனிப் பிளட்டூனே அமைக்க வேண்டியிருந்தது. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று ஆளுக்கொரு மொழி பேசியவர்களை ஒரே வரிசையில் நிறுத்த அணிவகுப்புக் கட்டளைகளை மலாயில் வைத்தார்கள். இன்றைக்கும் 'செடியா' என்றால்தான் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். இன்று வருபவனோ பாலிடெக்னிக்கோ ஜூனியர் காலேஜோ முடித்துவிட்டு வருகிறான். ஆள் குறைந்தது, ஆனால் ஒரு ஆளுக்குக் கற்பிக்கக்கூடியது பல மடங்கு கூடியது.

அந்தப் படிப்பைப் படை முழுதாகப் பயன்படுத்துகிறதா என்றால், ரொம்ப காலம் இல்லை என்பதே என் கருத்து. மருத்துவத் தகுதியை வைத்துப் 'போருக்குத் தகுதி, தகுதியில்லை' என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பக்கம் விழுந்தவனை எழுத்தராகவோ கிடங்கிலோ உட்கார வைத்துவிடுவார்கள். ஆஸ்துமா இருப்பவனால் சுமையோடு பல கிலோமீட்டர் நடக்க முடியாமல் இருக்கலாம். ஆளில்லா விமானத்தை இயக்க அவனுக்கு என்ன தடை? அண்மை ஆண்டுகளில்தான் ஒவ்வொரு பணிக்கும் உண்மையில் என்ன உடல்தகுதி தேவை என்று பார்த்து ஆளைப் பொருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். 2018-இல் இணையப் பாதுகாப்புக்கென்று தனியாக ஆளெடுக்கும் முறை வந்தது. 2022 அக்டோபரில் மின்னிலக்க, உளவுத்துறைப் படை நான்காவது படைப்பிரிவாக உருவானது. வெளியே தரவுப் பொறியாளராக வேலை பார்க்கும் ரிசர்விஸ்டை அதே திறன் தேவைப்படும் பணிக்கு மாற்றவும் இப்போது வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுவரை செய்த சீர்திருத்தங்களில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுவே. அவனுக்குப் படை கற்பிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவனுடைய முதலாளி ஏற்கெனவே கற்பித்துவிட்டார்.

இனி பயிற்சி கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது. தெக்கோங்கில் புதுப் பையனுக்குத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டக் கற்றுத்தரும் சார்ஜண்டுக்குப் பெரும்பாலும் இருபது வயதுதான் இருக்கும். அவனும் தேசிய சேவைக்கு வந்தவன், சில மாதம் முன்புதான் அதே படுக்கையில் படுத்திருந்தவன். முதல் தொகுதியைத் தடுமாறிப் பயிற்றுவிப்பான், அடுத்ததில் தேறுவான், மூன்றாவது நான்காவதில் உண்மையிலேயே நல்ல ஆசிரியன் ஆகியிருப்பான். அப்போது அவனுடைய சேவை முடிந்துவிடும். அந்த இடத்துக்கு இன்னொரு புதியவன் வருவான். இயந்திரம் எளிதாக இருந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. இப்போது இயந்திரம் சிக்கலாகிவிட்டது, சொல்லிக்கொடுப்பவனின் அனுபவம் மட்டும் அதே சில மாதம்.

இதைத் தாங்கிப் பிடிப்பது நடுவில் இருக்கும் நிரந்தரப் படையினர், குறிப்பாக மூத்த சார்ஜண்ட்களும் அவர்களுக்கு மேல் படியில் இருக்கும் வாரண்ட் ஆபிசர்களும். எங்கள் பிரிவில் ஒரு வாரண்ட் ஆபிசர் இருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வண்டி இன்றைக்குத் திரும்பி வராது என்று சொல்வார். அப்படி ஒருவர் உருவாகப் பதினைந்து வருடம் ஆகும். சிங்கப்பூரில் தொழில்நுட்பம் தெரிந்த நாற்பது வயதுக்காரருக்கு வெளியே நல்ல சம்பளத்தில் வேலை காத்திருக்கிறது. ராணுவத் துறை வல்லுநர்கள் திட்டம் என்று 2010 வாக்கில் கொண்டுவந்ததன் நோக்கமே இவர்களைத் தங்கவைப்பதுதான். அதிகாரியாக மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லாமல், ஒரே துறையில் ஆழமாகப் போய் அதிலேயே உயர வழி செய்தது அது. நல்ல திட்டம். ஆனால் புதிய ஆயுதம் ஒன்று வரும்போதெல்லாம் இந்த மனிதர்களில் மேலும் சிலர் அதற்கு வேண்டும், அவர்களைக் கடையில் வாங்க முடியாது.

இட நெருக்கடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு மொத்தமே 730 சதுர கிலோமீட்டர் அளவுதான். நீண்ட தூரம் சுடும் எதையும் உள்ளூரில் முழு அளவில் சுட்டுப் பழக முடியாது. அதனால் ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே, ஜெர்மனி, தைவான், தாய்லாந்து என்று போகிறார்கள். இந்தியாவிலும் தேவ்லாலியில் பீரங்கிப் பயிற்சியும் பபினாவில் டாங்கிப் பயிற்சியும் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவோடு 2016-இல் செய்த ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு 14,000 பேர் வரை அங்கே பயிற்சி செய்யலாம். ரிசர்விஸ்டுக்கு இதில் பயண நாளும் முகாம் நாளில்தான் கழியும். உள்ளூரில் 900 மில்லியன் வெள்ளியில் சாஃப்டி சிட்டி என்ற நகர்ப்போர்ப் பயிற்சிக் களத்தை எழுப்பியிருக்கிறார்கள். அடுக்குமாடிகள், பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. யார் எங்கே நின்று சுட்டார்கள், யார் மீது பட்டது என்று உணரிகளும் கேமராக்களும் பதிவு செய்கின்றன. மூன்று நாளில் கிடைக்கும் பாடம் ஒரே நாளில் கிடைத்தால் அந்தச் செலவு நியாயம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வராது. 2018-லும் 2019-இன் தொடக்கத்திலும் பயிற்சியில் அடுத்தடுத்து உயிரிழப்புகள் நேர்ந்தன. 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் ஒரு பீரங்கிக்குள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த ரிசர்விஸ்ட் ஒருவர் நசுங்கி இறந்தார். நாடே குலுங்கியது. பயிற்சியின் வேகத்தைக் குறைத்தார்கள், பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்றை அமைத்தார்கள். குறைவான நாளில் அதிகம் கற்பிக்க வேண்டும் என்ற அழுத்தமும், கனரக இயந்திரமும், ஒரு வருடம் கழித்து அதைத் தொடும் கைகளும் ஒரே இடத்தில் கூடும்போது என்ன ஆகும் என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்றாகிவிட்ட ஊரில், ஒவ்வொரு தாயும் தன் ஒற்றைப் பிள்ளையை அனுப்பிவைக்கிறாள். அந்த நம்பிக்கை போனால் எந்தச் சட்டத்தாலும் தேசிய சேவையைக் காப்பாற்ற முடியாது.

மற்ற நாடுகள் எப்படிச் செய்கின்றன என்றும் கேட்கலாம். பின்லாந்தில் கட்டாய சேவை 165, 255 அல்லது 347 நாள்தான், அதாவது சிங்கப்பூரில் பாதிக்கும் குறைவு. ஆனால் லெப்பர்ட் டாங்கியை அங்கேயும் கட்டாய சேவைப் பையன்கள்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் பயிற்சியை முழுக்க ரிசர்வ் படையை மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறார்கள், கடினமான வேலைக்கு நீண்ட காலம், எளிதான வேலைக்குக் குறுகிய காலம். தைவான் எதிர்த்திசையில் போய்ச் சூடுபட்டது. சேவையை நான்கு மாதமாகச் சுருக்கிவிட்டு, அதில் உருப்படியாக எதுவும் கற்பிக்க முடியாது என்று கண்டு, 2024-இல் மறுபடியும் ஒரு வருடமாக்கியது. பின்லாந்தின் வழியில் சிங்கப்பூர் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் எண்ணம். எல்லோருக்கும் ஒரே இருபத்து நான்கு மாதம் என்பது நியாயமாகத் தெரிகிறது, ஆனால் சமையற்கூடத்தில் இருப்பவனுக்கும் தானியங்கிப் பீரங்கி ஓட்டுபவனுக்கும் தேவைப்படும் பயிற்சி நாள் ஒன்றல்ல. பெண்களையும் கட்டாய சேவையில் சேர்க்கலாமே என்ற கேள்விக்கு, சமூகத்துக்கு ஆகும் செலவு பயனைவிட மிக அதிகம் என்று அப்போதைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் 2022-இல் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். அந்த விவாதம் மறுபடியும் வரும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஒரு புது ஆயுதம் பற்றிச் செய்தி வந்தால், எவ்வளவு தூரம் சுடும் என்பதைப் படித்துவிட்டு நான் வேறு மூன்றைத் தேடுவேன். இதைக் கற்க எத்தனை வாரம்? ஒரு வருடம் தொடாமல் இருந்தவன் மறுபடி கைக்குக் கொண்டுவர எத்தனை நாள்? இதைச் சொல்லிக்கொடுக்கப்போகிறவர் எத்தனை வருடம் இதோடு இருந்தவர்? மகனிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். எந்தப் பிரிவு கிடைத்தாலும் சரி, அங்கே இருக்கும் வயதான வாரண்ட் ஆபிசர் யார் என்று முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள், ஓய்வு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நில்.